ஒரு ரூபாய் டிக்கெட்

நம்ம சிவகாசி, விருதுநகர் பக்கம் பிளேன் ஏறணும்னா மதுரைக்குத்தான் போகணும். ரொம்ப காலத்துக்கு அது முதலாளிமார் சமாச்சாரம். மத்தவங்களுக்கு ராத்திரி பஸ், இல்லைன்னா ரயில்.

2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ('சூரரைப் போற்று' பார்த்துட்டு அவரை மதுரைக்காரர்னு நினைக்காதீங்க, கர்நாடகா கோரூர்க்காரர்.) 48 சீட் ஏடிஆர் விமானம், ஓசிச் சாப்பாடு கிடையாது, டிக்கெட் இணையத்தில். தொடக்க விழா அன்னிக்கே ஐதராபாத்தில் என்ஜினில் தீ! மனுஷன் அசரலை.

அப்புறம் வந்தது அந்த ஒரு ரூபாய் டிக்கெட். வரி தனி. ஒரு விமானத்தில் சில சீட்டுக்கு மட்டும்தான் அந்த விலை, சீட் நிறைய நிறைய ஏறும். ஏமாத்து வேலைன்னு திட்டினவங்க உண்டு. ஆனா யோசிச்சுப் பாருங்க: விற்காத பட்டாசைத் திருக்கார்த்திகைக்குத் தள்ளிடலாம். கிளம்பிட்ட விமானத்தோட காலி சீட்டை?

2007-ல் கிங்ஃபிஷர் கைக்குப் போச்சு, 2012-ல் அதுவும் நின்னுச்சு. கணக்கு மட்டும் எல்லா கம்பெனிக்கும் ஒட்டிக்கிச்சு. தீபாவளி டிக்கெட்டை முன்கூட்டியே போட்டவனுக்கு மலிவு. ஊர்ல அப்பாவுக்கு முடியலைன்னு போன் வந்து ஓடுறவனுக்குத்தான் உச்ச விலை. எனக்கு உறுத்துறது அதுதான்.

ஏடிஆர்ல ப்ரொப்பெல்லருக்கு நேரா உட்காராதீங்க, காது அடைக்கும், பின்சீட் தேவலை. திரும்பும்போது பெட்டியில் ஒரு கம்பி மத்தாப்புகூட வேண்டாம், தூக்கிப் போட்டுருவாங்க. சாத்தூர் சேவுக்குத் தடையில்லை :-)