தளபதியும் தௌபாவும்

வாளெடுத்தவர் மனந்திரும்பிய வரலாறு நமக்குப் புதிதல்ல. 1258-இல் பக்தாதை அழித்த ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் கசான் கான் 1295-இல் இஸ்லாத்தைத் தழுவினார். எங்கட கிழக்கிலும் ஒரு போர்த்தலைவர் திருந்திவிட்டதாகச் சொல்லப்பட்டது. அது தௌபாவா, அணிமாற்றமா என்பதே என் கேள்வி.

ஏறாவூரிலிருந்து வாழைச்சேனைப் பாதையில் செங்கலடி, வந்தாறுமூலை தாண்டினால் கிரான். அந்த ஊர் விநாயகமூர்த்தி முரளிதரன் 1983-இல் புலிகளோடு சேர்ந்தார். கருணா அம்மான் என்ற பெயரில் மட்டக்களப்பு, அம்பாறைக்குத் தளபதியானார். ஆனையிறவு வரை அவருடைய கிழக்குப் போராளிகள் போய்ச் சண்டையிட்டார்கள்.

1990 எங்கட ஆக்களுக்குக் கியாமத்து ஆண்டு. ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். ஓகஸ்ட் 11 இரவு முதல் 12 அதிகாலைக்குள் ஏறாவூர்ப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். செப்டம்பர் 9-இல் சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பொதுமக்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வாவியின் இரு பக்கமும் மையித்துத்தான்.

ஓகஸ்ட் கொலைகளுக்குக் கருணாவும் பொறுப்பு என்பது பரவலான குற்றச்சாட்டு. தனக்குப் பங்கில்லை என்று அவர் மறுத்தே வந்திருக்கிறார். யார் கட்டளையிட்டது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

2004 மார்ச்சில் அவர் வன்னித் தலைமையை விட்டுப் பிரிந்தார். கிழக்குப் பிள்ளைகள் சாக, பதவி வடக்குக்கா என்பது அவர் வாதம். அந்த ஏப்ரலில் வெருகலாற்றங்கரையில் புலியோடு புலி மோதியது. கருணா தம் படையைக் கலைத்தார். ஆயிரக்கணக்கானோர், சிறுவர்கள் உட்பட, வீடு திரும்பினார்கள். இது நன்மையே. ஆனால் 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகர் அலன் றொக், கருணா அணியும் சிறுவர்களைப் பிடிக்கிறது என்றார். 2008-இல் இலண்டனில் போலி அடையாளத்தோடு கடவுச்சீட்டு வைத்திருந்ததற்காகச் சிறை. அதே ஒக்டோபரில் பாராளுமன்றம். 2009 மார்ச்சில் தேசிய நல்லிணக்க அமைச்சர்!

2020 தேர்தல் மேடையில், ஆனையிறவில் ஒரே இரவில் இரண்டாயிரம், மூவாயிரம் இராணுவத்தினரைக் கொன்றவன் நான் என்று பேசினார். வருந்தினவன் எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படுவானா? 2025 மார்ச்சில் பிரித்தானியா அவர்மீது தடை விதித்தது.

தௌபாவுக்கு உலமாக்கள் சொல்லும் நிபந்தனைகள் நமக்குத் தெரியும்: பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்யேன் என்று உறுதி கொள்வது. மனிதர் உரிமை சம்பந்தப்பட்டால் நாலாவதும் உண்டு: உரியவரிடம் அதைத் தீர்ப்பது. அமைச்சுப் பதவி கொடுத்த அரசாங்கம் இந்த நாலாவதை எங்கட சார்பில் தள்ளுபடி செய்ய முடியாது.

உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷியை நினைப்போம். அவர் தாமாகவே மதீனா வந்தார். நபி (ஸல்) கேட்டபோது மறுக்கவில்லை. அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது. ஆனாலும் என் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்று நபியவர்கள் கேட்டார்கள். வஹ்ஷி விலகிப் போனார், பதவி கேட்கவில்லை. பிறகு யமாமாவில் பொய்நபி முஸைலிமாவின் மீது அதே ஈட்டியை எறிந்தார்.

மன்னிப்பும் மனக்காயமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வஹ்ஷி ஒளிக்கவில்லை, மன்னிப்புக்கு அது போதுமாயிருந்தது. ஏறாவூருக்கும் யார், யாருடைய கட்டளையில், ஏன் என்ற உண்மைதான் முதலில் வேண்டும். அது தெரியாமல் யாரை மன்னிக்கிற? மறுமையில் கணக்கு நிச்சயம். அதற்காக இம்மையில் கேட்கக் கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை.