ஓடுபாதை ஓரத்திலிருந்து உயர்வானம் வரை: விமானச் சூழல் விதிகளின் வரலாறு

விமானப் போக்குவரத்தால் சூழலுக்கு நேரும் கேட்டைக் குறைக்கும் விதிகள் இரைச்சலில்தான் தொடங்கின. அங்கிருந்து புகை, நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு என்று நகர அவற்றுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. இந்த வரிசை கேட்டின் அளவை ஒட்டி அமைந்ததல்ல. எந்தப் பாதிப்புக்கு ஓடுபாதையருகே முறையிட ஆள் இருந்ததோ, அதற்கே முதலில் விதி வந்தது. உயரே கலந்து மறையும் வாயுவுக்கு அப்படி அண்டைவீட்டார் யாரும் இல்லை.

1958 அக்டோபரில் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங் 707 விமானத்தை நியூயார்க்–பாரிஸ் தடத்தில் இறக்கியது. இன்று ஜான் எஃப். கென்னடி நிலையம் எனப்படும் ஐடில்வைல்டு நிலையத்தை நடத்திய துறைமுக ஆணையம், பழைய விசிறி விமானங்களைவிட ஜெட் அதிகத் தொல்லை தரக்கூடாது என்று உறுதியாக நின்றது. சாதாரண டெசிபல் கருவியோ இதற்கு உதவவில்லை. கருவியில் இரண்டும் ஒரே அளவு காட்டினாலும் ஜெட்டின் கீச்சொலி காதை அதிகம் உறுத்தியது. ஆகவே ‘போல்ட், பெரானெக் அண்ட் நியூமன்’ என்ற ஒலியியல் நிறுவனத்தில் கார்ல் கிரைட்டர், காது உணரும் தொல்லையையே அளக்கும் புதிய அளவுகோலை வகுத்தார். அந்த அளவுகோலில் 112 என்பது உச்சவரம்பாயிற்று. ஜெட்டின் வாயை ஒரே துளையாக விடாமல் பல குழாய்களாகப் பிரித்து ஒலியைத் தணித்தார்கள். விமானிகளும் குடியிருப்பை நெருங்குமுன் உந்துவிசையைக் குறைக்க வேண்டியிருந்தது. எடையைக் கூட்டி எரிபொருளைத் தின்ற இந்தக் குழாய்கள் விமான நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமையாகவே இருந்தன.

சுமையை இறக்கிய வழி இயற்பியலில் முன்பே இருந்தது. ஜெட் ஒலியின் ஆற்றல், பீறிடும் காற்றின் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்று ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் காட்டியிருந்தார். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் ஒலி ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். அதே உந்துவிசை வேண்டுமானால், கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதற்குப் பதில் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ள வேண்டும். எரிகலனுக்குள் போகாத காற்றை முன்விசிறியால் சுற்றிச் செலுத்தும் டர்போஃபேன் எஞ்சின் செய்வது இதைத்தான். 1970-இல் சேவைக்கு வந்த போயிங் 747-இன் எஞ்சினில், உள்ளே போகும் காற்றைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளியே சுற்றிச் சென்றது. இன்றைய ஏர்பஸ் ஏ320நியோவின் ஒருவகை எஞ்சினில் அது பன்னிரண்டு மடங்கு. இதே அமைப்பு எரிபொருளையும் மிச்சப்படுத்தியது. இரைச்சல் விதிகள் வேரூன்றியதற்கு இந்த இரட்டை ஆதாயம் ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

அமெரிக்கா 1969-இல் இரைச்சல் சான்றிதழ் விதியைக் கொண்டுவந்தது. பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பு 1971-இல் சிகாகோ ஒப்பந்தத்தின் 16-ஆம் இணைப்பாக உலகப் பொதுவிதியை ஏற்றது. ஓடுபாதையின் பக்கவாட்டில் ஓரிடம், புறப்பாட்டுப் பாதையின் கீழே ஓரிடம், தரையிறங்கும் பாதையின் கீழே ஓரிடம் என மூன்று இடங்களில் ஒலி அளக்கப்பட்டது. 1977, 2001, 2013 ஆண்டுகளில் வரம்புகள் இறுகின. விதி புதிய வடிவமைப்புகளுக்கே பொருந்தியதால் பழைய விமானங்களை வெளியேற்றத் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் பழைய தரத்துப் பெரிய ஜெட்டுகளுக்கு 1999 இறுதியில்தான் கதவு அடைபட்டது.

1981-இல் எஞ்சின் புகைக்கும் வாயுக்களுக்கும் தரம் வகுக்கப்பட்டபோதும் பார்வை ஓடுபாதையைத் தாண்டவில்லை. சோதனைக்கு எடுத்துக்கொண்ட சுழற்சி இப்படி: புறப்பாடு 0.7 நிமிடம், ஏற்றம் 2.2 நிமிடம், இறக்கம் 4 நிமிடம், தரையில் ஊர்தலும் காத்திருத்தலும் 26 நிமிடம். 915 மீட்டர் உயரத்துக்கு மேல் நடப்பது கணக்கில் இல்லை. பல மணிநேரப் பயணத்தின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இன்னொரு சிக்கலும் இருந்தது. எரிகலனின் அழுத்தமும் வெப்பமும் கூடினால் எரிபொருள் குறையும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். இம்முறை ஒரே மாற்றத்தால் இரண்டும் தீரவில்லை. சூரிச் நிலையம் 1997-இல் அழுக்கான எஞ்சின்களுக்குக் கூடுதல் தரையிறங்கு கட்டணம் விதித்துப் பொருளாதார வழியை முயன்றது.

அதே ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை, பன்னாட்டு விமானங்களின் கார்பனை நாடுகளின் இலக்குகளில் சேர்க்காமல், பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் வழியே கையாளச் சொன்னது. 1999-இல் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு விமானம் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கார்பன் சந்தைக்குள் வெளிநாட்டு விமானங்களையும் இழுக்க, இந்தியாவும் சீனாவும் எதிர்த்தன, ஒன்றியம் பின்வாங்கியது. 2016-இல் பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்ற கோர்சியா திட்டம், வரம்பை மீறும் உமிழ்வை வேறிடத்துக் குறைப்புகளால் ஈடுகட்டச் சொல்கிறது. பன்னாட்டுப் பயணங்களுக்கு மட்டுமே உரிய இத்திட்டம் 2027 முதல் பெரும்பாலான பெரிய நாடுகளைக் கட்டுப்படுத்தும். விமானத்தின் கார்பனுக்கென முதல் சான்றிதழ் தரம் 2017-இல்தான் வந்தது. இரைச்சல் தரத்துக்கு 46 ஆண்டுகள் கழித்து. அதற்குள் ஒவ்வொரு விமானமும் சிக்கனமாகியும், பயணிகள் பெருகியதால் மொத்த உமிழ்வு ஏறிக்கொண்டே வந்தது. உலகின் கார்பன் டை ஆக்சைடில் விமானங்களின் பங்கு இன்று சுமார் இரண்டரை சதவீதம்.

விமான நிலையங்களின் சொந்த முயற்சிகளில் கொச்சி பெயர்பெற்றது. 2015 ஆகஸ்ட் 18 அன்று 45 ஏக்கரில் 46,150 தகடுகளுடன் 12 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் வந்தது. பகலின் உபரி மின்சாரம் மாநில மின்வாரியத்துக்குப் போகும். இரவில் அதே அளவு திரும்பி வரும். தகடுகளுக்கு இடையே காய்கறியும் விளைகிறது. 2018-இல் ஐ.நா.வின் ‘புவியின் காவலர்’ விருதும் கிடைத்தது. ஆயினும் இந்தக் கணக்கு நிலையத்தின் மின்சாரத்தை மட்டுமே பேசுகிறது. அங்கிருந்து கிளம்பும் விமானம் எரிப்பது அதில் அடங்காது.

எரிபொருளை மாற்றும் முயற்சியில், 2008 பிப்ரவரியில் வர்ஜின் அட்லாண்டிக் 747 ஒன்று தேங்காய் எண்ணெயும் பபாசு என்னும் பனைவகை எண்ணெயும் கலந்த எரிபொருளை ஓர் எஞ்சினில் இட்டு லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் பறந்தது. 2018 ஆகஸ்டில் டேராடூன்–டெல்லி இடையே காட்டாமணக்கு எரிபொருள் கலந்து ஸ்பைஸ்ஜெட் விமானம் பறந்தது. தொழில்நுட்பம் தயார், மூலப்பொருளும் விலையும்தான் இடிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் இத்தகைய மாற்று எரிபொருளின் 2 சதவீதக் கலப்பைக் கட்டாயமாக்கி, 2050-இல் 70 சதவீதத்துக்கு உயர்த்த விதித்திருக்கிறது. இந்தியாவின் இலக்கு பன்னாட்டுப் பயணங்களில் 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம்.

கார்பனைத் தாண்டி, விமானத்தின் பின்னே வெண்கோடாக நீளும் உறைபனித் தடங்களும் இப்போது கணக்குக்கு வந்துள்ளன. குளிர்ந்த ஈரக்காற்றில் இவை பரவி மெல்லிய முகிலாகி, பூமியின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் நடத்திய சோதனையில், 70 பயணங்களில் பறக்கும் உயரத்தைச் சற்றே மாற்றியபோது தடங்கள் 54 சதவீதம் குறைந்தன. அப்படி மாற்றிய விமானங்கள் கொஞ்சம் கூடுதல் எரிபொருளைச் செலவிட்டன. 2025 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விமான நிறுவனங்களிடம் இந்தக் கணக்கையும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.