தனித்து நின்ற கண்டத்தின் உயிர்ச்செல்வம்

இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகிய ஐந்தும் பண்டைக் காலத்தில் ஒரே பெருநிலமாக இணைந்து கிடந்தன. நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியின் பெயரையொட்டி அறிஞர்கள் அதனைக் கோண்டுவானா என்று அழைத்தனர். அது பிளவுண்டபோது இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவுடன் இணைந்தது. ஆஸ்திரேலியாவோ ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அண்டார்டிகாவை விட்டு விலகி, நாற்புறமும் கடல் சூழத் தனித்து நின்றது. அந்நெடிய தனிமையே அதன் உயிர்ச்செல்வத்துக்கு மூலகாரணம். அங்குள்ள பாலூட்டிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

மற்றக் கண்டங்களில், தாயின் கருப்பையில் நெடுநாள் வளர்ந்து பிறக்கும் விலங்குகளே பெருகின. இங்கோ கங்காரு, கோலா, வாம்பட் போன்ற பையுடைய விலங்குகள் செழித்தன. இவற்றின் குட்டி, கண் திறவாத சிற்றுயிராகப் பிறந்து, தாயின் பைக்குள் ஊர்ந்து சென்று, பாலுண்டு வளர்கிறது. தாவரங்களும் வறட்சிக்கும் நெருப்புக்கும் ஈடுகொடுக்கக் கற்றன. யூகலிப்டஸ் மரங்கள் பல, தீயில் கருகிய பின்னும் அடிமரத்திலிருந்து துளிர்க்கின்றன. பாங்சியா இனங்கள் பலவற்றின் கட்டையொத்த காய்கள் நெருப்பின் வெம்மை பட்ட பிறகே வெடித்து விதை உதிர்க்கின்றன.

இவ்வுயிர்களை முதலில் அறிந்தவர்கள் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழ்ந்துவரும் பழங்குடி மக்கள். நிலத்தின் பருவங்களையும் விலங்குகளின் இயல்புகளையும் அவர்கள் தம் மொழிகளிலும் கதைகளிலும் காத்துவந்தனர். ஐரோப்பியர் அறிந்தது மிகப் பிந்தியே. கரிய அன்னம் என்பது ஐரோப்பாவில் நடவாத செயலுக்கு உவமையாக வழங்கிவந்தது. 1697ஆம் ஆண்டில் டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் மேற்குக் கரையின் ஆறொன்றில் கரிய அன்னங்களைக் கண்டபோது அவ்வுவமை பொய்த்தது. அவ்வாறு இன்றும் அன்ன ஆறு என்னும் பொருள்படும் ‘ஸ்வான்’ என்ற பெயரையே தாங்குகிறது.

1770இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் பவளப் பாறையில் மோதிச் சேதமுற்றது. அதனைச் செப்பனிடக் கரையில் தங்கியிருந்த வாரங்களில், குக்கும் தாவரவியலாளர் ஜோசப் பாங்ஸும் கங்காரு என்ற பெயரைக் குறித்துக்கொண்டனர். அது ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள்படும் என வழங்கும் கதை வெறும் கட்டுக்கதையே. அங்கு வாழ்ந்த கூகு யிமிதிர் மக்களின் மொழியில் ‘கங்குரு’ என்பது ஒருவகைப் பெரிய கங்காருவின் பெயர் என்பதைப் பிற்கால மொழியியலாளர் நிலைநாட்டினர்.

பிளாட்டிபஸின் வரலாறு இன்னும் சுவையானது. வாத்தின் அலகும் நீர்நாயின் உடலும் கொண்ட இவ்விலங்கின் தோல் இங்கிலாந்தை அடைந்தபோது, 1799இல் அதனை ஆராய்ந்து எழுதிய ஜார்ஜ் ஷா, யாரோ ஒட்டித் தைத்த போலியோ என ஐயுற்றார். அது முட்டையிடும் எனப் பழங்குடி மக்கள் கூறியதை அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1884இல் வில்லியம் கால்டுவெல் என்னும் ஆய்வாளர், அம்மக்களின் உதவியுடனேயே முட்டைகளைத் தேடிக் கண்டு உண்மையை உலகுக்கு அறிவித்தார். உள்ளூரார் அறிந்திருந்த செய்தியை அறிவியல் ஏற்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1788இல் பிரிட்டிஷ் குடியேற்றம் தொடங்கிய பின்னர் அழிவும் தொடங்கியது. 1859இல் வேட்டைக்கென விடப்பட்ட சில முயல்கள் பல்கிப் பெருகிப் புல்வெளிகளைத் தின்று தீர்த்தன. கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935இல் கொண்டுவரப்பட்ட நச்சுத் தேரை, தன்னை உண்ட விலங்குகளைக் கொன்று பரவியது. டாஸ்மேனியப் புலி ஆடுகளைக் கொல்கிறது என்று குற்றஞ்சாட்டிய அரசு, 1888 முதல் 1909 வரை அதன் தலைக்குப் பரிசு வழங்கியது. 1936 ஜூலையில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், அறியப்பட்டவற்றுள் இறுதியான புலி ஹோபார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் மடிந்தது. குடியேற்றத்துக்குப் பின் அழிந்துபோன பாலூட்டி இனங்கள் 30க்கும் மேற்பட்டவை. 2022இல் கோலாவும் கிழக்குப் பகுதிகளில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1994இல் டேவிட் நோபிள் என்னும் வனக்காவலர், சிட்னிக்கு அப்பாலுள்ள ஆழ்ந்த மலைப்பிளவொன்றில் அறியாத மரங்கள் சிலவற்றைக் கண்டார். பல கோடி ஆண்டுத் தொன்மையுடைய குடும்பத்தைச் சேர்ந்த அம்மரம் வோலமி பைன் எனப் பெயர் பெற்றது. காட்டில் முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவு. 2019-20 பெருந்தீயின்போது தீயணைப்பு வீரர்கள் வானூர்தி வழியே இறங்கி, நிலத்தை ஈரமாக்கி அவற்றைக் காத்தனர்.

அம்மரங்கள் நிற்கும் இடம் பயணிகளுக்கு அறிவிக்கப்படுவதில்லை. காலணியில் ஒட்டிவரும் மண்கூட நோயைக் கொண்டுவரக்கூடும் என்பதே காரணம். காண விரும்புவோர் சிட்னி அரசத் தாவரவியல் பூங்காவில் அதன் கன்றுகளைக் காணலாம். கங்காருவுக்கு ரொட்டி ஊட்டாதிருத்தல், அந்தியிலும் வைகறையிலும் வண்டியை மெல்லச் செலுத்துதல், விதையும் பழமும் கொண்டு செல்லாதிருத்தல் ஆகியனவும் பயணியின் கடமைகளே. விமான நிலையத்துச் சோதனை கடுமையாகத் தோன்றலாம். முயலும் தேரையும் புகுந்த வரலாற்றை அறிந்தவர் அதனைக் குறைகூறார்.

நீலகிரியின் தைலமரங்களைப் பார்த்துப் பழகிய தமிழருக்கு யூகலிப்டஸ் அந்நியமன்று. ஆயினும் இங்கே சோலைகளையும் புல்வெளிகளையும் ஆக்கிரமித்த அயல்மரமாக நிற்கும் அது, தன் தாய்மண்ணில் கோலாவுக்கு உணவாகவும் பறவைகளுக்கு உறைவிடமாகவும் விளங்குகிறது. ஒவ்வோர் உயிருக்கும் உரிய நிலம் ஒன்று உண்டு. முல்லை, குறிஞ்சி என நிலத்தோடு உயிரையும் சேர்த்தெண்ணிய மரபினர்க்கு இவ்வுண்மை புதிதன்று.