தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று?

நீங்கள் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் பின்னால் நீலப் புகை எழுந்தது. மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. வாரம் தவறாமல் ஆயில் ஊற்ற வேண்டியதாயிற்று. பட்டறைக்குக் கொண்டு போகிறீர்கள். மெக்கானிக் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சினை இறக்கணும் சார், போர் தேஞ்சுபோச்சு" என்கிறார். வேலை முடிய மூன்று வாரம் ஆகும். செலவோ வண்டி வாங்கிய விலையில் ஒரு பெரும் பங்கு!

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலையில் நாம் நெடுங்காலம் பார்த்த அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டமும் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். இந்த விட்டம் மேற்பகுதியில் கால் மில்லிமீட்டர் அதிகமாகிவிட்டாலே போதும், எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். அப்படித் தேய்ந்துபோன இரும்பை நான்கு சிலிண்டர்களிலிருந்தும் திரட்டி எடுத்து நிறுத்துப் பார்த்தால் முப்பது கிராம் கூடத் தேறாது. ஒரு கைப்பிடிக்கும் குறைவு!

இந்தச் சிறு இழப்புக்கு ஏன் இவ்வளவு பெரிய செலவு? அந்த இரும்பு எங்கே போயிற்று? இவற்றுக்கு விடை காண மனிதனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த விடை தெரிந்தவருக்குப் பட்டறைச் செலவில் பெரும் பகுதி மிச்சம்.

பீரங்கி தந்த பாடம்

கதை காருக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1769-ல் ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பல ஆண்டுகள் அதைச் சரிவர இயக்க அவரால் முடியவில்லை. கருத்தில் குறையில்லை, குறை சிலிண்டரில் இருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருந்தது. பிஸ்டனைச் சுற்றி என்ன அடைத்தாலும் நீராவி கசிந்தது.

இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் என்ற இரும்புத் தொழிலதிபர் பீரங்கிக் குழல்களைத் துல்லியமாகக் குடையும் முறையை 1774-ல் கண்டறிந்திருந்தார். அடுத்து, சிலிண்டர்களைக் குடைய ஒரு இயந்திரம் செய்தார். அதற்கு முன் குடையும் தண்டு ஒரு முனையில் மட்டுமே தாங்கப்பட்டிருந்தது. ஆகவே மறுமுனை தொங்கி, துளை கோணிற்று. வில்கின்சன் தண்டைச் சிலிண்டரின் ஊடே செலுத்தி இரு முனைகளிலும் தாங்கினார். துளை நேரானது. அவர் குடைந்து கொடுத்த 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுக்குக் கூடப் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்ட்டன் 1776-ல் வியந்து எழுதினார்.

அன்று வியப்பளித்த அந்தப் பிழை இன்றைய கார் எஞ்சினில் இருந்தால் அது ஓடவே ஓடாது. எனினும் லேத் பட்டறையில் உங்கள் சிலிண்டரை 'ரீபோர்' செய்யும் வேலை வில்கின்சன் செய்த வேலையின் நேர் வாரிசுதான்.

அடுத்த படி பிஸ்டன் வளையம். தொடக்கத்தில் பிஸ்டனைச் சுற்றிச் சணல் திணித்தார்கள். அது விரைவில் நைந்துபோயிற்று. 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே பொறியாளர் ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையத்தைப் பயன்படுத்தினார். பிஸ்டனின் பள்ளத்தில் அமர்ந்த வளையம் தன் வில்விசையால் விரிந்து சிலிண்டர்ச் சுவரை அணைத்துக்கொண்டது. உங்கள் காரில் இருப்பதும் அடிப்படையில் இதே வளையம்தான்.

கையாலே பழுது பார்த்த காலம்

நிக்கோலஸ் ஆட்டோ 1876-ல் நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். கார்ல் பென்ஸ் 1886-ல் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. வண்டி ஓட்டுபவரே மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டிய காலம் அது.

அன்றைய எஞ்சின்களை அடிக்கடி திறந்தார்கள். சில ஆயிரம் மைலுக்கு ஒரு முறை மேல்மூடியைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார்கள். தேய்ந்த பேரிங்குகளுக்கு வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, கையால் சுரண்டிப் பொருத்தினார்கள். பொருளுக்கு ஆன செலவு சொற்பம், உழைப்புத்தான் மிகுதி.

அந்தக் காலம் நம் நாட்டிலும் ஒரு மேதையை உருவாக்கிற்று. கோவை ஜி.டி. நாயுடு, இளமையில் ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை முழுவதும் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டியே எஞ்சினைக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழிலைத் தொடங்கினார். பழைய வண்டி ஒன்றைப் பழுது பார்ப்பது அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது எனலாம்.

உராய்வா, துருவா?

சரி, சிலிண்டர் ஏன் தேய்கிறது? "இரும்பும் இரும்பும் உராய்கின்றன, தேய்கின்றன" என்பீர்கள். பொறியாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு பிஸ்டன் நொடிக்கு நூறு முறை நின்று திரும்புகிறது. மேல்முனையில் நிற்கும் அந்தக் கணத்தில் வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கின்றன. எண்ணெய்ப் படலமோ மிக மெலிந்துவிடுகிறது. எனவேதான் சிலிண்டரின் மேற்பகுதி அதிகம் தேய்கிறது. மெக்கானிக் உள்ளே விரல் நகத்தை ஓட்டி ஒரு விளிம்பைத் தேடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த விளிம்பு, வளையம் எட்டாத, தேயாத பகுதி.

ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. நாள் முழுதும் ஓயாமல் ஓடும் வண்டியை விட, சிறிது தூரம் போவதும் நிற்பதுமாக இருக்கும் வண்டியின் எஞ்சின் அதே மைல் கணக்கில் அதிகம் தேய்ந்தது. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரின் கார் இதற்கு எடுத்துக்காட்டு. உராய்வு மட்டுமே காரணமானால் இப்படி நேருமா?

1930-களில் பிரிட்டனின் மோட்டார் பொறியாளர் கழகம் நடத்திய ஆராய்ச்சி இதை விளக்கிற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாகப் புகைபோக்கி வழியே போய்விடும். குளிர்ந்த சுவரிலோ அது பனித்துளியாகப் படிகிறது; எரிந்த வாயுக்களைக் கரைத்துக்கொண்டு அமிலமாகிறது. இரும்பு அரிக்கப்படுகிறது. அரிப்பை வளையம் ஒவ்வொரு வீச்சிலும் வழித்தெடுக்க, புதிய இரும்பு அமிலத்தின் முன் நிற்கிறது. ஆக, தேய்மானத்தில் பெரும் பங்கு துருவினால் வந்தது!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் விரைவில் சூடேறுவதற்காகவே குளிர்நீர்ப் பாதையில் தெர்மோஸ்டாட் என்ற சிறு அடைப்பான் வைக்கப்படுகிறது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. எஞ்சினைக் காப்பதாக எண்ணி அதன் ஆயுளைக் குறைத்த செயல் இது.

மற்றொரு பகைவன் தூசி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றோடு வரும் மணல்துகள் அரத்தைப் போல் சுவரை அராவுகிறது. 1924-ல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் காற்று வடிகட்டியும் ஆயில் வடிகட்டியும் இடம்பெற்றன. 1930-களில் டீசல் எஞ்சின்களில் கரியால் வளையங்கள் ஒட்டிக்கொண்ட தொல்லைக்கு மருந்தாக, சோப்பைப் போல் அழுக்கை விலக்கும் பொருள்கள் கலந்த எண்ணெய்கள் வந்தன.

அணு சொன்ன சாட்சி

எந்த எண்ணெய் நல்லது என்று எப்படி அறிவது? எஞ்சினை நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டி, பிரித்து, அளந்து, மறுபடி பூட்டி ஓட்ட வேண்டும். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில், கலிபோர்னியாவிலுள்ள ஓர் எண்ணெய் ஆய்வுக்கூடம் புது வழி ஒன்றைக் கையாண்டது. பிஸ்டன் வளையங்களை அணு உலையில் வைத்துக் கதிரியக்கம் ஊட்டினார்கள். அவற்றை எஞ்சினில் பூட்டி ஓட்டினார்கள். வளையத்திலிருந்து தேய்ந்த இரும்பு ஆயிலில் கலந்தது. ஆயிலின் அருகே வைத்த கெய்கர் கருவி அதை எண்ணிக் காட்டிற்று. எஞ்சினைத் திறக்காமலே, சில மணி நேரத்தில், மிக நுண்ணிய தேய்மானமும் புலப்பட்டது.

தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இதோ விடை: ஆயிலுக்குள்! உரிய காலத்தில் மாற்றாத ஆயில், தான் சுமக்கும் இரும்பையும் மணலையும் மீண்டும் மீண்டும் பேரிங்குகளுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது.

பல பிறவி எடுத்த கார்கள்

சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டில் கார் கிடைப்பதே அரிதாயிற்று. புதிய காருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகவே பழைய காரைச் சாகவிடாமல் காப்பது ஒரு பெருங்கலையாக வளர்ந்தது. சென்னை செம்பியத்தில் பிஸ்டன் தொழிற்சாலை எழுந்தது. ஊர்தோறும் லேத் பட்டறைகள் தோன்றின.

தேய்ந்த சிலிண்டரின் துளை வட்டமாக இராது. முட்டை வடிவில் இருக்கும். துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம். இங்கே ஒட்டுப் போட வழியில்லை. தேயாத பகுதியையும் சேர்த்துத் துளை முழுவதையும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு என்று படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். அந்த அளவுக்குப் புதிய பிஸ்டனும் வளையமும் வேண்டும். இதற்காக எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டும். பிரித்தபின் கிராங்கையும் வால்வையும் பாராமல் பூட்ட மனம் வருமா? கால் மில்லிமீட்டருக்குப் பெருஞ்செலவு ஆவது இதனால்தான். குடைவதற்கும் இடமில்லாதபோது, உள்ளே ஒரு புதிய இரும்புக் குழலைச் செருகுவார்கள். இதைத்தான் 'ஸ்லீவ் போடுவது' என்கிறோம். இவ்வாறு ஓர் எஞ்சின் நான்கைந்து பிறவிகள் எடுத்தது.

இன்றைய எஞ்சின்கள் நெடுங்காலம் உழைக்கின்றன. நன்கு பேணினால் பல எஞ்சின்கள் திறக்கப்படாமலே ஆயுளை முடிக்கின்றன. ஆனால் பலவற்றில் அலுமினியச் சிலிண்டரின் மீது மெல்லிய பூச்சு மட்டுமே உள்ளது. பழைய முறையில் குடைந்து பெரிதாக்க இயலாது. 1970-ல் அமெரிக்காவில் வெளிவந்த வேகா என்ற கார், இரும்புக் குழலில்லாத அலுமினியச் சிலிண்டருடன் வந்தது. அளவு மீறிச் சூடேறிய எஞ்சின்களில் சிலிண்டர் கெட்டு, ஆயில் எரிந்து, பெரும் அவப்பெயரைத் தேடித்தந்தது. ஆயுள் கூடியது, மறுபிறவி அரிதாயிற்று.

திறக்கும் முன்

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். நீலப் புகை என்றாலே சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று பொருளல்ல. வால்வுத் தண்டின் சிறு ரப்பர் மூடி கெட்டாலும் ஆயில் உள்ளே கசிந்து நீலப் புகை வரும். அதை மாற்றும் செலவு மிகக் குறைவு. ஆகவே மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் சோதனையைக் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக்கைக் கழற்றி அழுத்தமானியை வைத்து அளப்பார். அழுத்தம் குறைவாக இருந்தால் ஒரு கரண்டி ஆயிலை உள்ளே விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இப்போது அழுத்தம் நன்றாக ஏறினால் குறை வளையத்திலோ சுவரிலோ இருக்கிறது. ஆயில்தான் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் குறை பெரும்பாலும் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். ஒரு கரண்டி ஆயில் பல ஆயிரம் ரூபாய்க் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது!

எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தால் தயங்காதீர்கள். ஆனால் பூட்டியபின் காற்று வடிகட்டியைத் தூய்மையாக வையுங்கள், ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுங்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றவிடாதீர்கள், தெருமுனைக் கடைக்கு நடந்தே போங்கள்.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பின் நாம் அறிந்த உண்மை எளியது. எஞ்சினைத் தேய்ப்பது அது ஓடும் நெடுந்தொலைவு மட்டுமன்று. காலையில் அது குளிர்ந்திருக்கும் அந்த முதல் சில நிமிடங்களும்தான். கைப்பிடிக்கும் குறைவான அந்த இரும்பைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.