பிறையும் ஓதமும் வேட்டையும்: பொந்தியான் கடலோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மலாயாவில் நிகழ்ந்த பெருவிலங்கு வேட்டையைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளுள் பெரும்பாலானவை ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் எழுதி வைத்தவையாகும். தியோடோர் ஹப்பேக் 1905இல் வெளியிட்ட யானை, செலாடாங் வேட்டை பற்றிய நூலையும், கெமாமான் மாவட்டத்தில் பணியாற்றிய லாக் என்பார் திரங்கானுப் புலிகளைப் பற்றி 1954இல் வெளியிட்ட நூலையும் இவ்வகையில் முதன்மையாகச் சுட்டலாம். இவற்றைப் படித்துப் பாடம் நடத்தும் நம்மில் பலர், குளிர்நாட்டு வேட்டை மரபு ஒன்றையும் அறியாமலே உடன் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். ஆண்மான்கள் இணைசேரும் பருவத்தில் அச்சம் மறந்து திரியும். அப்பருவத்தின் உச்சத்தை முழுநிலவே தூண்டுகிறது. ஆகவே நிலவு நாளைக் கணக்கிட்டு வேட்டைக்குச் செல்வோனே வெற்றி பெறுவான் என்பது அம்மரபின் சாரம். இக்கருத்து ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்திற்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பொருந்தாது என்பதும், அவ்விடத்தில் நிலவு வேட்டையை ஆண்ட வழி முற்றிலும் வேறானது என்பதும் நம் கருத்து.

முதலில் அம்மரபையே சற்று நோக்குவோம். வட அமெரிக்க வேட்டையாளரிடையே, இலையுதிர்காலச் சமஇரவு நாளுக்குப் பின் வரும் இரண்டாவது முழுநிலவே வெண்வால் மானின் இணைவிழைச்சைத் தொடங்கி வைக்கிறது என்னும் நம்பிக்கை கடந்த நூற்றாண்டின் இறுதியில் பெரிதும் பரவியது. ஆனால், கருவுற்ற பெண்மான்களின் கருவளர்ச்சியை அளந்து கருவுற்ற நாளைப் பின்னோக்கிக் கணித்த ஆய்வுகள் வேறு முடிவையே தந்தன. ஓரிடத்தில் கருவுறுதலின் உச்சம் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாள்களில்தான் நிகழ்கிறது. நிலவு முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் அது நகர்வதில்லை. அதனை நகர்த்துவது பகற்பொழுதின் நீளம். பகல் குறுகுவதைக் கண் உணர, மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி இரவின் நீளத்திற்கேற்ப மெலடோனின் என்னும் சுரப்புநீரை மிகுதியாகச் சுரக்க, அதன்வழி உடல் இணைசேரலுக்கு ஆயத்தமாகிறது. வேட்டையாளர் முழுநிலவில் கண்ட மான்களை நினைவில் வைத்திருந்தனர். காணாத இரவுகளை எவரும் எண்ணி வைக்கவில்லை.

இனி நிலநேர்க்கோட்டுக் கணக்குக்கு வருவோம். 45 பாகை வடக்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 7 மணி நேர வேறுபாடு உண்டு. நீலகிரியில் அது 80 நிமிடம் அளவினது. பொந்தியானோ நடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகையே வடக்கே உள்ளது. அங்கு இவ்வேறுபாடு ஆண்டு முழுமைக்கும் 10 நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஒரு மான் பருவம் மாறியதை அறிவதற்கு வானம் அங்கு ஏதும் சொல்வதில்லை. தமிழகத்துக் காடுகளில் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இணைசேரல் மிகும் மாதங்கள் உண்டு; ஆயினும் குளிர்நாடுகளைப்போல் அவை சில வாரங்களுள் ஒடுங்குவதில்லை. மலாய்மொழியில் ரூசா எனப்படும் கடமானுக்கும் (தென்தமிழகத்தார் மிளா என்பர்) கிஜாங் எனப்படும் கேளையாட்டுக்கும் மலாயாவில் அவ்வாறு வரையறுத்த பருவமே இல்லை. கொம்பு முற்றிய ஆண்மானும், கொம்பு உதிர்த்த ஆண்மானும், தளிர்க்கொம்பு உடைய ஆண்மானும் ஒரே மாதத்தில் ஒரே காட்டில் இருக்கக்கூடும். காட்டுப்பன்றியும் புலியும் அவ்வாறே. எனவே 'இணைசேரும் பருவத்து முழுநிலவு' என்னும் தொடரின் முதற்பாதியே பொந்தியானில் பொருளற்றுப் போகிறது.

எஞ்சி நிற்பது நிலவு. அதன் பணி முதற்கண் ஒளி தருவது. இவ்வொளியைப் பற்றிப் பலரும் ஒரு பிழையான கணக்கு வைத்துள்ளனர். அரைநிலவு முழுநிலவின் பாதி ஒளியைத் தருவதன்று. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தரும். ஆகவே வேட்டைக்கு உதவும் இரவுகள் மாதத்தில் பதினைந்தல்ல, முழுநிலவை ஒட்டிய ஆறேழுதான். மேலும் நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுகிறது. ஜிம் கார்பெட் ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்டது 1926 மே 2ஆம் நாள் இரவு. அவ்வாண்டு சனவரி 14இல் நிகழ்ந்த முழுச் சூரிய மறைப்பிலிருந்து திங்கள்களை எண்ணிவந்தால், அது பௌர்ணமி கழிந்து நான்காம் இரவு எனத் தெளிவாகிறது. முன்னிரவு முழுவதும் இருள். துப்பாக்கியில் பொருத்திய மின்விளக்கும், கட்டி வைத்த ஆட்டின் கழுத்துமணியுமே அவருக்குத் துணையாயின. மின்விளக்கு வருமுன் இத்தகைய இரவில் பரணில் அமர்வது வீண்.

ஆனால் மலாயாவின் மழைக்காட்டில் முழுநிலவும் பெரிதும் வீணே. பகலிலேயே தரையை எட்டும் ஒளி நூற்றில் ஓரிரு பங்கு எனும்போது, நிலவொளியின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. நடுக்கோட்டை ஒட்டிய நாடாதலின் பொந்தியானில் முழுநிலவு ஆண்டு முழுதும் உச்சிவானில் உயர நின்று காயும். எனினும் அவ்வொளி விழுவதற்கு வெட்டவெளி வேண்டும். உப்புமண் கிடக்கும் இடங்களும் ஆற்றங்கரைகளும் தவிர அடர்காட்டில் அத்தகைய வெளி குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்சூ முறையின்கீழ்ச் சீனர் மிளகு, காம்பியர்த் தோட்டங்களைத் திறந்ததும், அடுத்த நூற்றாண்டில் பால்மரமும் அன்னாசியும் வந்ததுமே ஜொகூரில் காட்டோரத்தைப் பெருக்கின. பன்றி அவ்வோரத்தைத் தேடி வந்தது. பன்றியைத் தேடிப் புலி வந்தது. காம்பியர்த் தோட்டத் தொழிலாளர் பலர் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் புலிக்கு இரையானமை அக்கால இதழ்களில் ஓயாமல் பேசப்பட்டது. நீரிணையை நீந்திக் கடந்தே புலிகள் சிங்கப்பூருக்குச் சென்றன. அங்குக் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது. 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் தேர்ந்த புலி வேட்டையாளராக அறியப்பட்டவர். நிலவொளியில் பரண் அமரும் வேட்டை மலாயாவின் தொன்மையான காட்டு வழக்கம் எனச் சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. அது பெரும்பகுதியும் தோட்டம் பெற்ற பிள்ளை.

இவ்விடத்தில் தமிழ் மரபையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் உரியனவாக்குகிறது. நிலவு அங்கே உதவியாக அன்றி இடையூறாகவே வருகிறது. குறுந்தொகையின் 47ஆம் பாடலில் தோழி நிலவையே விளித்து, இரவில் வரும் தலைவனுக்கு நீ நல்லை அல்லை எனக் குறை கூறுகிறாள். பாறைமேல் உதிர்ந்த வேங்கைப்பூ நிலவில் புலிக்குட்டியாகத் தோன்றும் மயக்கமும் அப்பாடலிலேயே உண்டு. நிலவொளி உருவைக் காட்டும், ஆனால் நிறத்தையும் தொலைவையும் பிறழ்த்தும் என்பதைக் குறிஞ்சி நிலத்தார் நன்கறிந்திருந்தனர் என இதனைக் கொள்ளலாம்.

சிவராத்திரிக் கதை இன்னும் சுவையானது. நீர்நிலையருகே வில்வமரத்தில் ஏறி அமர்ந்து, யாமந்தோறும் நீருண்ண வரும் மான்களுக்காகக் காத்திருக்கும் வேடனின் கதையைக் கோயில்தோறும் கேட்டிருக்கிறோம். அது பரண்வேட்டைக் கதையே என்பதை நம் மாணவர் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த இரவு மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி; நிலவு எழுவது விடியலை ஒட்டித்தான். இருளில் இரை விலங்கு அஞ்சாமல் நீருக்கு வரும். ஆனால் வேடனோ காதால் மட்டுமே அறிய இயலும். உறக்கம் விழுங்காதிருக்க இலைகளைக் கிள்ளிப் போடுகிறான். புராணம் பக்தியைச் சொல்ல வந்தது உண்மையே. எனினும் அதன் அடியில் கிடக்கும் வேட்டையறிவு துல்லியமானது. முழுநிலவில் மானினங்கள் வெளியைத் தவிர்த்துப் புதரை நாடும் என்பதைப் பல நாட்டு வேட்டையாளரும் கூறுவர். ஒளி வேடனுக்கு எவ்வளவு உதவுகிறதோ, அவ்வளவு இரையையும் எச்சரிக்கிறது.

பொந்தியானின் கடலோரத்தில் நிலவின் இரண்டாம் பணி தொடங்குகிறது. அதுவே அவ்விடத்தில் தலையாயது எனலாம். புலாவ் குக்குப், தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் என்னும் மூன்று அலையாத்தி நிலங்களும் 2003இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. முறையே 647, 526, 9126 எக்டர் பரப்பின. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி தஞ்சோங் பியாயே. இங்கு ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. முழுமதியிலும் மறைமதியிலும் அது பேரோதமாகிறது. அரைமதி நாள்களில், மலாய்க்காரர் பெர்பானி என்னும் சிற்றோதமாகத் தளர்கிறது. தமிழில் 'உவா' என்னும் ஒரே சொல் முழுமதி, மறைமதி ஆகிய இரண்டையும் குறித்து நிற்பது இங்கு நினைக்கத்தக்கது. வெள்ளுவா, காருவா என நிறத்தால் பிரித்தனரேயன்றிப் பெயரால் பிரிக்கவில்லை. ஒளியை நோக்குவோனுக்கு இவ்விரண்டும் எதிரெதிர். கடலை நோக்குவோனுக்கு இரண்டும் ஒன்றே. அச்சொல் நெய்தல் நிலத்தாரிடம் வழங்கிய சொல்லாக இருக்கக்கூடும் என்பது நம் ஊகம்.

ஜொகூர் நீரிணைப் பகுதியில் வாழும் ஓராங் செலேத்தார் மக்களின் வேட்டை இக்கடற்கணக்கையே சார்ந்தது. 1847இல் தாம்சன் என்பார் இவர்களைப் பற்றி எழுதிய குறிப்பு, படகையே வீடாகக் கொண்டு கழிமுகங்களில் திரிந்த மக்களாக இவர்களைக் காட்டுகிறது. நாய்களைப் படகிலேயே வைத்திருந்து, அலையாத்திக் காட்டுக்குள் பன்றியை விரட்டி ஈட்டியால் குத்துவது இவர்தம் முறை. புலாவ் குக்குப்பில் தாடிப்பன்றி இருப்பது ராம்சார் ஆவணங்களாலும் அறியப்படுகிறது. உவாநாள்களில் ஓதம் உச்சத்தை எட்டும்போது சிற்றோடைகளுக்குள் படகு நெடுந்தொலைவு செல்ல முடிகிறது. சேறு முழுவதும் நீரில் மூழ்க, பன்றிக்கு எஞ்சுவன சில மேடுகளே. ஓதம் வற்றியதும் அதே பன்றி நண்டும் சிப்பியும் தேடிச் சேற்றுவெளிக்கு இறங்குகிறது. ஆகவே இங்கே வேட்டைக்கு நாள் குறித்தவன் வானத்தில் ஒளியைத் தேடவில்லை. மரத்தண்டில் நீர் விட்டுச்சென்ற கோட்டைப் பார்த்தான்.

சட்டம் இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தவில்லை. சென்னை மாகாணத்தில் 1879இல் இயற்றப்பட்ட நீலகிரி விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம், இணைசேரும் விலங்கைக் காக்க வேட்டை மூடிய மாதங்களை வகுக்க இடமளித்தது. பருவம் உள்ள நாட்டில் அது பொருளுடையது. மலாயாவில் 1955ஆம் ஆண்டு அவசரச் சட்டமும், தொடர்ந்து 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. இந்தியாவின் வனவிலங்குச் சட்டமும் அதே 1972இல்தான் வந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் இன்று மலேசியத் தீபகற்பத்தில் நடைமுறையில் உள்ளது. ஆண்டு முழுதும் ஈனும் விலங்கை மாதக் கணக்கால் காப்பது கடினம். 2009இல் ரூசா, கிஜாங் ஆகியவற்றின் வேட்டையைப் பல ஆண்டுகளுக்கு முற்றாக நிறுத்தி வைக்க நேர்ந்தமை இதனை உணர்த்துகிறது.

தோட்டத் தமிழரின் பங்கு இவ்வரலாற்றில் மிக மங்கலாகவே உள்ளது. லயத்தை ஒட்டிய மரவள்ளிக் கொல்லையைப் பன்றி உழுதுபோன காலையில் விலை கொடுத்தவர் அவரே. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்று புலித்தடத்தை முதலில் கண்டவரும் அவரே. துரைமார் நூல்களில் அவர் பெயரின்றித் தடம் காட்டுபவராகவும் பரண் கட்டுபவராகவும் மட்டும் வருகிறார். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டக் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டு, இரவு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, கொல்லைக்காவலும் நிலவு வேட்டையும் ஒருங்கே அற்றுப்போயின. பன்னிரண்டு ஆண்டு என்பது ஒரு மகன் தந்தையோடு இரவில் வெளியே சென்று பழகும் வயது முழுவதும் கழிந்துவிடும் காலம்.

அக்காலத்தை நினைவுகூரும் முதியோரிடம் மாணவர் செவ்வி காணும்போது, 'எந்த ஆண்டு' என்று கேட்பதோடு நிறுத்திவிடுகின்றனர். ஆண்டு பெரும்பாலும் பிழைபடும். 'அன்று நிலா இருந்ததா, எப்போது எழுந்தது, கடல் ஏறியிருந்ததா' என்னும் மூன்று வினாக்களுக்கு வரும் விடைகள் எளிதில் பிழைபடுவதில்லை. தீபாவளிக்கு முன்னோ தைப்பூசத்திற்குப் பின்னோ என்பதும் தெரிந்துவிட்டால், பஞ்சாங்கக் கணக்கைக் கொண்டு நாளையே குறித்துவிடலாம். கார்பெட்டின் இரவை மேலே நாம் கணித்தது இம்முறையால்தான்.