மன்றோத்துருத்து ஏன் தாழ்கிறது? தீவு மக்கள் சொல்லும் காரணங்கள்

கேரளத்தில், கழக்கூட்டம் வழியாக வடக்கே போகும் ரயில் பாதையில், கொல்லத்தைத் தாண்டியதும் மன்றோத்துருத்து வருகிறது. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில், ஆற்று வண்டல் படிந்து உண்டான சிறுதீவுகளின் கூட்டம் அது. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று செய்தித்தாள்கள் அதை மூழ்கும் தீவு என்கின்றன. அங்கிருந்து வெளியேறுவோரைக் காலநிலை அகதிகள் என்கின்றன. காலநிலை அகதிகள் என்ற இந்தப் பெயர் உண்மையின் பாதியை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தீவு மக்கள் காலநிலை என்று பேச்சைத் தொடங்குவதில்லை. அவர்கள் முதலில் சொல்வது கல்லடையாற்றின் மேற்பகுதியில் உள்ள தென்மலை அணையை. அடுத்து 2004 சுனாமியை. சிலர் ரயில் போகும்போது தரை அதிர்வதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முன்பு மழைக்காலத்து வெள்ளம் சேற்றைக் கொண்டுவந்து கரையில் படியவிட்டுப் போகும், காயலின் உப்பையும் வெளியே தள்ளும். 1986இல் அணை வந்தபின் அந்த வெள்ளம் குறைந்தது, வண்டலும் குறைந்தது. வேலியேற்றம் என்று அவர்கள் சொல்லும் கடல் ஏற்றம் நீண்டகரை முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, முற்றத்தைத் தாண்டி அடுக்களை வரை நிற்கிறது. நெல் விளைந்த நிலத்தில் உப்பு ஏறிவிட்டது.

மக்கள் சொல்லும் இந்தக் காரணங்களை அறியாமை என்று தள்ளுவது எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீட்டின்படி, 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. அதே வேகத்தில் 20 ஆண்டுக்கு ஏழரை சென்டிமீட்டர்கூட ஆகாது. தட்டையான தாழ்நிலத்தில் அதுவே ஏற்றத்தை வெகுதூரம் பரப்பும். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் வீட்டின் அடித்தளமே மண்ணுக்குள் இறங்குவதை அது விளக்காது. இறுகிக்கொண்டே போகும் இளகிய வண்டல் மண்ணுக்கு மேலே புது வண்டல் வராவிட்டால் தரை தாழத்தான் செய்யும். ஆற்றில் மணல் அள்ளியதும் இந்தப் பற்றாக்குறையைக் கூட்டியது. அணையைக் காட்டும் தீவுவாசி வண்டலின் கணக்கைத்தான் சொல்கிறார்.

மன்னார் வளைகுடா இதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. கடல் உயர்வதற்கு முன்னால், பவளப் பாறைகளை வெட்டியெடுத்த மனிதக் கை அங்கே வேலை செய்திருந்தது. அலையைத் தடுத்த வேலி போனபின் மணல் நிற்கவில்லை. தூத்துக்குடிக்கு அருகே சுருங்கிவந்த வான்தீவைக் காக்க, 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது.

அதே வளைகுடாவில், பாம்பன் தீவுப் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் வேறு வழி கண்டார்கள். பாசி குறைவதற்குத் தாங்கள் அள்ளும் அளவும் ஒரு காரணம் என்று ஏற்று, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது, இனப்பெருக்கக் காலத்தில் அடியோடு நிறுத்துவது எனத் தாங்களே விதி வகுத்தார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

காரணம் தங்கள் கைக்குள் இருந்ததால் பாம்பன் பெண்களால் கூடி விதி செய்ய முடிந்தது. மன்றோத்துருத்தில் காரணம் ஆற்றின் மேற்பகுதியில், அரசின் கையில் இருக்கிறது. அதனால் அங்கே தகவமைப்பு வீட்டுக்கு வீடு தனித்தனியாக நடக்கிறது: தரையை உயர்த்துகிறார்கள், மண்மூட்டை அடுக்குகிறார்கள், கால்வாய்களில் வள்ளம் ஓட்டிச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் வெளியேறிவிடுகிறார்கள். வாங்க ஆளில்லாத நிலத்தோடு ஏழைகள் தங்கிவிடுகிறார்கள்.

இந்தத் தீவுக்கான எந்தத் திட்டமும் மக்கள் சொல்லும் காரணங்களைச் சோதித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அணையில் தங்கும் வண்டலை அளக்க வேண்டும். ஏற்றம் எந்த வீட்டுப் படி வரை வந்தது என்பதைப் பஞ்சாயத்து மாதந்தோறும் பதிய வேண்டும். அந்தப் பதிவு நிவாரணத்துக்குச் சான்றாக ஏற்கப்பட வேண்டும்.