ஊதிய பொதி

காற்றைப் புறத்தே நிறுத்திவிட்டால் உணவு கெடாது என்ற நம்பிக்கை பழையது. பிரான்சு தேசத்தில் இனிப்புப் பண்டங்கள் செய்து வாழ்ந்த நிக்கொலாஸ் அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் போத்தல்களிலே இட்டு, இறுக அடைத்து, கொதிநீரில் வைத்துப் பல மாதங்கள் பேணும் முறையைக் கண்டார். 1810ஆம் ஆண்டில் அம்முறையை விளக்கி நூலொன்றும் வெளியிட்டார். அதன் பொருட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. முறை பலித்தது, காரணமோ எவருக்கும் விளங்கவில்லை. கே-லுசாக் என்னும் இரசாயன அறிஞர் அப்போத்தல்களில் எஞ்சியிருந்த காற்றைச் சோதித்து, அதில் ஒட்சிசன் இல்லாமையைக் கண்டார். ஒட்சிசன் இன்மையே உணவைக் காக்கின்றது என அவர் முடிவு செய்தார். அம்முடிவு தவறானது. உணவைக் காத்தது கிருமிகளைக் கொன்ற வெப்பமே.

1861ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் இத்தவற்றின் வேரையே அசைத்தார். வெண்ணெய் நாற்றத்தைத் தரும் ஒருவகை நொதித்தலை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அத்திரவத்தின் துளியொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, துளியின் நடுவிலிருந்த கிருமிகள் துடிப்புடன் இயங்கின; காற்றுப் படும் ஓரத்தை அடைந்தவையோ அசைவற்றுப் போயின. உயிருக்கு ஆதாரமென்று கருதப்பட்ட காற்று, இவ்வுயிர்களுக்கு நஞ்சாயிருந்தது. காற்றின்றி வாழும் உயிர்களும் உண்டென்பது அன்று வெளிப்பட்டது.

இவற்றுட் சில எத்துணைக் கொடியவை என்பதை 1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெல்ஜிய நாட்டுக் கிராமமொன்று கண்டது. எல்செல் என்னும் அவ்வூரில், மரணச் சடங்கொன்றில் வாத்தியம் இசைக்க வந்தோர் உவர்நீரில் ஊறிய பன்றித்தொடை இறைச்சியை உண்டனர். அவர்களுட் பலர் நோயுற்றனர்; மூவர் மாண்டனர். எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் எஞ்சிய இறைச்சியிலிருந்து, காற்றின்றி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

இதற்கிடையே கிருமிகளை வளர்த்துக் காணும் கலையும் முன்னேறியிருந்தது. ஜெர்மனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் முதலிற் பயன்பட்ட ஜெலற்றின் களி, வெப்பத்தில் உருகிவிடும் குறையுடையது. அங்கு பணியாற்றிய வால்ற்றர் ஹெசேயின் மனைவி பனி ஹெசே, சமையலுக்குப் பயன்படும் கடற்பாசியைப் பயன்படுத்தலாமென்று யோசனை கூறினார். ஜாவாத் தீவில் வாழ்ந்த நண்பர் மூலம் அவருடைய குடும்பத்தார் அறிந்திருந்த பொருள் அது. அடுக்களையிலிருந்து வந்த அப்பொருளும், 1887இல் யூலியஸ் பெற்றி அமைத்த மூடியுள்ள வட்டக் கண்ணாடித் தட்டும் ஆய்வுகூடங்களின் நிலையான கருவிகளாயின. மனிதரின் நோய்க் கிருமிகளைத் தேடியவர்கள் அத்தட்டுகளை மனித உடலின் வெப்பமாகிய சென்ரிகிரேட் 37 பாகையில் வைத்து வளர்த்தனர். அவர்களுடைய நோக்கத்துக்கு அது பொருத்தமானதே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறைச்சி வாணிகத்தில் புதியதொரு முறை புகுந்தது. இறைச்சியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, காற்றை உறிஞ்சி அகற்றி, வாயை அடைத்து, உறையாத அளவில் குளிரில் வைத்தனர். வழக்கமாக இறைச்சியைக் கெடுக்கும் கிருமிகளுக்குக் காற்று வேண்டும். விரைவாகப் பெருக வெப்பமும் வேண்டும். இரண்டும் கிடையாதபோது இறைச்சி பல வாரங்கள் கெடாதிருந்தது. நியூசீலாந்து போன்ற தூரதேசங்களிலிருந்து உறையவைக்கப்படாத இறைச்சியையும் கப்பலில் அனுப்ப முடிந்தது.

ஆயினும் சிற்சில பொதிகள் குளிர் சிறிதும் குறையாதிருந்தும் பலூன்போல் ஊதிப் பெருத்தன. திறந்தபோது துர்நாற்றம் வீசியது. வழக்கமான முறையிற் சோதித்தால் குற்றவாளி அகப்படவில்லை. தட்டு வெறுமையாயிருந்தது, பொதியோ ஊதியிருந்தது.

1989ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் இப்புதிரை விடுவித்தனர். காற்றை முற்றாக அகற்றி, குளிரிலேயே வைத்து, வாரக்கணக்கிற் காத்திருந்தபோது கிருமி வளர்ந்தது. இங்கிலாந்திற் கண்டெடுக்கப்பட்ட இனத்துக்கு 1992இல் குளொஸ்திரீடியம் எஸ்தர்தெற்றிக்கம் எனப் பெயரிடப்பட்டது. அது செழித்து வளர்வது 6 முதல் 8 பாகையிலாகும். 15 பாகைக்கு மேல் அது வளர்வது அரிது. 37 பாகையில், காற்றுப்பட வைத்த தட்டில் அதனைத் தேடியது, மீனைத் தரையில் தேடியதற்கு ஒப்பாகும். காபனீரொட்சைட்டும் ஐதரசனுமே பொதியை ஊதச் செய்த வாயுக்கள். இக்கிருமி மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை; எனினும் பொதி முழுவதும் வீணாகிவிடும்.

குளிரில் வளர்த்துப் பார்க்க வாரங்கள் செல்லும். சந்தையோ அத்துணைக் காலம் காத்திராது. ஆகவே கிருமியின் பரம்பரைப் பொருளான டீ. என். ஏ.யின் குறித்த பகுதியை நொதியத்தின் துணையால் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை பின்னர் வழக்கத்துக்கு வந்தது. ஊதிய பொதியில் கசியும் நீரின் சில துளிகளே இதற்குப் போதும். ஆனால் இச்சோதனை இறந்த கிருமியையும் உயிருள்ளதையும் வேறுபடுத்தாது. ஆதலால் வளர்த்துப் பார்க்கும் பொறுமையும் இன்னும் வேண்டியதாயிற்று. மண்ணிலும் சாணத்திலும் விலங்கின் தோலிலும் உறங்கும் வித்திகளே இக்கிருமியின் தோற்றுவாய் என்பதும் இத்தகைய சோதனைகளால் அறியப்பட்டது. பரிகாரம், கொல்களத்தில் தோல் உரிக்கும் இடத்துத் தூய்மையிலேயே தொடங்குகின்றது.

கே-லுசாக் செய்த அளவீடு சரியானது. அதிலிருந்து பெற்ற முடிவே பிழைத்தது. வெறுந்தட்டைக் கண்டு கிருமி இல்லையென்று எழுதிய அறிக்கையின் கதையும் அதுவே. அத்தட்டு கூறியது, இந்த வெப்பத்தில், இந்தக் காற்றில் எதுவும் வளரவில்லை என்பது மட்டுமே. அதற்கு மேல் அதனிடம் சான்று கேட்பது முறையன்று.